ஏசிசி டிவி பணம்: சமமாகப் பிரிப்பதா, பார்வையாளர் எண்ணிக்கைப்படி பிரிப்பதா?

சார்லட்வாசி எழுதியது:

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் ஏசிசி என்ற அணிகளின் கூட்டமைப்பும் (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) அதன் உறுப்பினர்களான புளோரிடா ஸ்டேட், கிளெம்சன் பல்கலைக்கழகங்களும் டிவி உரிமை, வெளியேறும் கட்டணம் பற்றிய வழக்குகளை 2025 மார்ச்சில் முடித்துக்கொண்டபோது எல்லாரும் அப்பாடா என்றார்கள். எனக்கு அன்றிலிருந்தே மனசு ஒப்பவில்லை. காரணத்தை எழுதுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்காகச் சில வரிகள். காலேஜ் ஃபுட்பாலின் டிவி உரிமை 1984 வரை மொத்தமாக, பல்கலைக்கழக விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ கையில் இருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு விற்பனை மெல்ல மெல்லக் கான்ஃபரன்ஸ்களின் கைக்கு வந்தது. கான்ஃபரன்ஸ் பெருத்தால் ஒப்பந்தமும் பெருக்கும் என்ற கணக்கு அப்போது பிறந்ததுதான். கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபர்ட் இன்று 'அட்லாண்டிக் கோஸ்ட்' கான்ஃபரன்ஸில் ஆடுகிறது என்றால் அதுதான் காரணம்.

ஏசிசியில் டிவி பணம் எல்லாருக்கும் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. மார்ச் சமரசத்துக்குப் பிறகு அடிப்படை டிவி பணத்தில் 40 சதவீதம் மட்டும் சமம். மீதி 60 சதவீதம், எந்த அணியின் ஆட்டங்களை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று 5 ஆண்டுச் சராசரி போட்டு அதன்படி.

இதில் எனக்குள்ள மறுப்பு ஒன்றுதான். பார்வையாளர் எண்ணிக்கையில் பாதியைத் தீர்மானிப்பது அணி அல்ல, ஆட்டம் எந்தச் சேனலில் எத்தனை மணிக்கு வருகிறது என்பது. சனிக்கிழமை இரவு ஏபிசியில் வரும் ஆட்டத்தை நாடே பார்க்கும். அதே இரண்டு அணிகள் பகல் 12 மணிக்கு ஏசிசி நெட்வொர்க்கில் ஆடினால் அந்த ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள். அந்த முடிவை எடுப்பது ஏசிசி ஆட்டங்களை ஒளிபரப்பும் ஈஎஸ்பிஎன். பெயருள்ள அணிக்கு நல்ல நேரம் கிடைக்கிறது, நல்ல நேரத்தால் பார்வையாளர் கூடுகிறார்கள், அதனால் பணம் கூடுகிறது, பணத்தால் அடுத்த ஆண்டு நல்ல ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். வேக் ஃபாரஸ்ட் போன்ற சிறிய ஏசிசி அணி இந்த வளையத்துக்குள் எந்த வழியாக நுழையும்?

நாடெங்கும் ரசிகர்கள் உள்ள நாட்ர டேம் ஃபுட்பாலில் ஏசிசி உறுப்பினரே அல்ல. ஆனாலும் ஆண்டுக்கு ஐந்து ஏசிசி அணிகளோடு ஆடுகிறது. அந்த ஆட்டம் யாருக்கு விழுகிறதோ அவர்கள் எண்ணிக்கை அந்த ஆண்டு ஏறும். இது அட்டவணை தரும் அதிர்ஷ்டம். இதை வைத்தா பங்கு பிரிப்பது?

ஜெயித்து வரும் பணம் ஜெயித்தவருக்கே போகட்டும். பிளேஆஃப் (தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்று) பணத்தை அந்த அணியே வைத்துக்கொள்ளும் திட்டத்தை ஏசிசி கொண்டுவந்தபோது நான் ஆதரித்தேன். டிவி பணம் வேறு. கிளெம்சன் தனியாக ஆடி யாரும் டிவியில் பார்க்கவில்லை. எதிரே ஒரு அணி நின்றால்தான் ஆட்டம்.

டல்லஹாசித்தம்பி எழுதியது:

அண்ணா, நீங்க சொல்றதுல பாதிக்கு நான் ஒத்துக்கறேன். மீதிப் பாதி சார்லட்ல உக்காந்து பாக்கறதுக்கும் டல்லஹாசில உக்காந்து பாக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்.

2023ல எங்க டீம் புளோரிடா ஸ்டேட் 13-0, தோல்வியே இல்ல. கான்ஃபரன்ஸ் சாம்பியன். எங்க முக்கிய ஆட்டக்காரர் ஜோர்டன் டிராவிஸ் கால் உடைஞ்சதுன்னு சொல்லி நாலு டீம் பிளேஆஃப்ல இடமே தரல. பெரிய கான்ஃபரன்ஸ்ல ஒரு ஆட்டம்கூடத் தோக்காம சாம்பியன் ஆன டீமை வெளிய நிறுத்தினது அதுதான் முதல் தடவை. அந்த டிசம்பர்லயே ஏசிசிக்கு எதிரா லியான் கவுண்டி கோர்ட்டுக்குப் போனோம். சும்மா கோவத்துல போனதுன்னு பல பேர் எழுதினாங்க. காசுக் கணக்கைப் பாருங்க: 2023-24ல எஸ்இசிங்கற இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸ் ஒரு ஸ்கூலுக்குக் கொடுத்தது சராசரியா 52.5 மில்லியன் டாலர். பிக் டென் கான்ஃபரன்ஸ் 60 மில்லியனுக்கு மேல. ஏசிசி 45 மில்லியன் பக்கம். எங்களுக்கு ரெண்டரை மணி நேரம் தள்ளி இருக்கற கெய்ன்ஸ்வில் டீம் (புளோரிடா யுனிவர்சிட்டி) எஸ்இசில. அதே ஜாக்சன்வில் பையன், அதே மயாமி பையன் வீட்டுக்குத்தான் ரெண்டு கோச்சும் போறாங்க.

இதுல ஒப்பந்தம் 2036 வரைக்கும். டிவி உரிமையை கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. வெளிய போனா மொத்தத்துல 572 மில்லியன் ஆகும்னு எங்க வக்கீலுங்க கோர்ட்ல கணக்குக் காட்டினாங்க. போகவும் முடியாது, இருந்தா பின்தங்கணும். அந்த நெலமைல இருக்கறவங்க 'நாங்க கொண்டுவர்ற கூட்டத்துக்கு ஏத்த பங்கு கொடுங்க'ன்னு கேக்கறது பேராசை இல்லண்ணா.

நல்ல நேரம் ஈஎஸ்பிஎன் கொடுக்குதுன்னு சொல்றீங்க. ஏன் கொடுக்குது? ஜனங்க பாக்கறாங்கன்னுதான். கோச் பாபி பௌடன் காலத்துல இருந்து நாப்பது அம்பது வருஷமா கட்டின பேரு அது.

புல்மன்குளிர் எழுதியது:

நான் வாஷிங்டன் ஸ்டேட்டில் படித்தவன். உங்கள் இருவருக்கும் மேசையில் நாற்காலி இருக்கிறது, தட்டில் எவ்வளவு என்பதுதான் சண்டை. எங்கள் மேசையையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

1915இல் தொடங்கிய எங்கள் மேற்குக் கடற்கரைக் கான்ஃபரன்ஸ் பேக்-12. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அணிகளான யுஎஸ்சியும் யுசிஎல்ஏயும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அதற்குப் பிறகு ஈஎஸ்பிஎன் ஒரு ஸ்கூலுக்கு 30 மில்லியன் தரத் தயாராக இருந்ததாகவும், எங்கள் கான்ஃபரன்ஸ் தலைவர்கள் 50 கேட்டதாகவும் செய்திகள் வந்தன. பேச்சு முறிந்தது. கடைசியில் ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் திட்டம் ஒன்றுதான் கையில் இருந்தது. 2023 ஜூலை கடைசியில் கொலராடோ பிக் 12 கான்ஃபரன்ஸுக்குக் கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஓரிகன், வாஷிங்டன் பிக் டென்னுக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12க்கு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபர்டும் கால் பெர்க்லியும் ஏசிசிக்கு. மிஞ்சியது நாங்களும் ஓரிகன் ஸ்டேட்டும். கான்ஃபரன்ஸின் நிர்வாகமும் சொத்தும் யாருக்கு என்பதற்குக்கூட விட்மன் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போய்த்தான் உரிமை வாங்க வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு ஆப்பிள் கப், அதாவது எங்களுக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கும் நடக்கும் ஆட்டம், நவம்பரிலிருந்து செப்டம்பருக்கு வந்துவிட்டது. 2024 செப்டம்பர் 14, சியாட்டில் லூமன் ஃபீல்ட். நாங்கள் 24-19 என்று முன்னிலை. கடைசி நிமிடத்தில் வாஷிங்டன் எங்கள் கோல் கோட்டருகே நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு. ஓரமாக ஓடப் பார்த்தார்கள், எங்கள் பையன்கள் கோட்டுக்கு வெளியிலேயே மடக்கிவிட்டார்கள். என் பக்கத்தில் இருந்த வயதான தம்பதி, கிரிம்சன் ஸ்வெட்டர் போட்டவர்கள், எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசாமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அன்று களத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் ஐந்து புள்ளி. வங்கிக் கணக்கில் உள்ள வித்தியாசத்தை எந்த அணியாலும் மடக்க முடியாது. 2025 ஜூனில் எங்கள் தடகள அணியில் தாண்டுதல், எறிதல் போட்டிகளையே எடுத்துவிட்டார்கள். இனி ஓட்டம் மட்டும்தான்.

விரிவாக்கம் என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு ஊர் சுருங்குகிறது. பங்கீடு பற்றிப் பேசும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கர் எழுதியது:

எல்லாருடைய ஆதங்கமும் புரிகிறது. ஆனால் 'சமபங்கு இருந்தால் கான்ஃபரன்ஸ் நிலைக்கும்' என்ற நம்பிக்கைக்கும், 'பெரியவர்களுக்கு அதிகம் கொடுத்தால் போகமாட்டார்கள்' என்ற நம்பிக்கைக்கும் வரலாறு இடம் தரவில்லை.

பிக் 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் பிக் எய்ட் கான்ஃபரன்ஸும், கலைந்துபோன சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸின் நான்கு டெக்சஸ் அணிகளும் சேர்ந்து உருவானது. டிவி பணத்தில் பாதி சமம், மீதிப் பாதி டிவியில் எத்தனை முறை வந்தாய் என்பதைப் பொறுத்து. இதை டெக்சஸோடு சேர்ந்து ஆதரித்தவர்களில் நெப்ராஸ்காவும் உண்டு. அதே நெப்ராஸ்கா 2011இல் பிக் டென்னுக்குப் போனது. கொலராடோ அதே ஆண்டு பேக்-12க்கு. 2011இல் ஈஎஸ்பிஎன்னோடு 20 ஆண்டு, 300 மில்லியன் டாலருக்கு டெக்சஸ் தனக்கென்று லாங்ஹார்ன் நெட்வொர்க் தொடங்கியது. மறு ஆண்டே டெக்சஸ் ஏ அண்டு எம்மும் மிசௌரியும் எஸ்இசிக்குப் போய்விட்டன. பிறகு பிக் 12 சமபங்குக்கு மாறியது. என்ன ஆயிற்று? 2021 ஜூலையில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் கிளம்பின. ஒரு வருடம் முன்னதாக விடுவிக்க இருவரும் சேர்ந்து 100 மில்லியன் டாலரை விட்டுக்கொடுத்தார்கள்.

பேக்-12 இன்னும் தெளிவான உதாரணம். 2011இல் கொலராடோ, யூட்டா வந்தபோதே சமபங்கு என்று முடிவு செய்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் அணிகள் இரண்டும் அதை ஏற்றுக்கொண்டன. பதினோரு ஆண்டு கழித்து வெளியே போயின. அவர்களை இழுத்தது பங்கு விகிதம் அல்ல. பிக் டென்னின் மொத்தத் தொகை. 2022 ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் 7 ஆண்டுக்கு 7 பில்லியன் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. அங்கே சமபங்காகக் கிடைப்பதே இங்கே பெரிய பங்கைவிட அதிகம்.

தம்பி, இது உங்களுக்கும் பொருந்தும். ஏசிசியில் 60 சதவீதத்தை எப்படிப் பிரித்தாலும் எஸ்இசிக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி முழுதாக மூடாது. குறையும், அவ்வளவுதான். 2026 முதல் பிளேஆஃப் பணத்திலேயே பிக் டென், எஸ்இசி இரண்டுக்கும் ஆளுக்கு 29 சதவீதம் பக்கம். ஏசிசிக்கு 17, பிக் 12க்கு 15 பக்கம். கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் சண்டையைவிடக் கான்ஃபரன்ஸ்களுக்கு இடையே உள்ள பள்ளம் பெரியது.

ஜெர்சிக்காரன் எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப நியூ ஜெர்சியில இருக்கிறன். ரட்கர்ஸ் எங்கட ஊர்ப் பல்கலைக்கழகம். விரிவாக்கம் எண்டா என்னெண்டு எங்களைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம்.

2014இல ரட்கர்ஸையும் மேரிலாண்டையும் பிக் டென் சேர்த்தது ஃபுட்பால் திறமைக்காக இல்லை. 2007இல தொடங்கின பிக் டென் நெட்வொர்க்குக்கு நியூ யோர்க், வாஷிங்டன் பக்கத்துக் கேபிள் வீடுகள் தேவைப்பட்டது. ஒருத்தரும் பார்க்காட்டியும் மாதக் கட்டணத்தில ஒரு பங்கு போகும். அந்தக் காசில எல்லாரும் வளர்ந்தவை. ஆனா எங்களுக்குப் பல வருசம் குறைஞ்ச பங்குதான் தந்தவை. இடையில கான்ஃபரன்ஸிட்டயே முன்பணம் வாங்கிச் சமாளிக்க வேண்டி வந்தது. முழுப் பங்கு எடுக்கிற ஒஹையோ ஸ்டேட்டோட ஒரே பிரிவில நிண்டு ஒவ்வொரு வருசமும் அடி வாங்கினது.

யுஎஸ்சியும் யுசிஎல்ஏயும் வரேக்க முதல் நாளே முழுப் பங்கு. ஓரிகன், வாஷிங்டன் வரேக்க 30 மில்லியனில தொடங்கி வருசத்துக்கு ஒரு மில்லியன் கூட. அந்த ஓரிகன் முதல் வருசமே, 2024இல, பிக் டென் சாம்பியன். ஆர் எவ்வளவு பெறுமதி எண்ட கேள்விக்கு இதில எங்க விடை இருக்கு? வாசலில நிண்டு கேட்கேக்க ஆருக்கு வேற வழி இல்லையோ அவைக்குக் குறைய. அவ்வளவுதான் சூத்திரம்.

புதுப்பார்வையாளர் எழுதியது:

ஒரு சந்தேகம் கேட்கலாமா? டாலஸில் உள்ள எஸ்எம்யூ பல்கலைக்கழகம் ஒன்பது வருடம் டிவி பணமே வேண்டாம் என்று ஏசிசியில் சேர்ந்ததாகப் படித்தேன். சும்மா ஆடுவதற்கு ஏன் ஒருவர் சேர வேண்டும்?

டாலஸ்மாமா எழுதியது:

நல்ல கேள்வி. டாலஸில் முப்பது வருடமாக இருக்கிறேன், சொல்கிறேன்.

எஸ்எம்யூ ஒருகாலத்தில் சவுத்வெஸ்டில் பெரிய பெயர். ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததற்காக 1987இல் என்சிஏஏ அந்த அணியின் ஆட்டங்களையே நிறுத்தியது. அதற்கு இங்கே 'மரண தண்டனை' என்றே பெயர். பிறகு சவுத்வெஸ்ட் கலைந்தபோது டெக்சஸ், ஏ அண்டு எம், டெக், பெய்லர் நால்வரும் பிக் 12க்குப் போனார்கள், எஸ்எம்யூவை யாரும் கூப்பிடவில்லை. அந்தக் காயம் இந்த ஊர்ப் பணக்காரப் பழைய மாணவர்கள் மனதில் அப்படியே இருந்தது. ஏசிசி கதவைத் திறந்ததும் ஒரு வாரத்துக்குள் 100 மில்லியன் டாலர் நன்கொடை திரண்டது. டிவி பணத்துக்குப் பதில் அவர்கள் சொந்தப் பணம்.

முதல் ஆண்டிலேயே கான்ஃபரன்ஸில் 8-0. இறுதிப் போட்டியில் கிளெம்சன் கடைசி நொடியில் 56 கெஜத்திலிருந்து ஃபீல்டு கோல் அடித்து 34-31 என்று ஜெயித்தது. ஆனாலும் எஸ்எம்யூ பிளேஆஃபுக்குப் போனது. பென் ஸ்டேட்டிடம் 38-10 என்று தோற்றது, அது வேறு. பணத்தைவிட இருக்கைதான் முக்கியம் என்று அவர்கள் எடுத்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, எஸ்எம்யூ விட்டுக்கொடுத்த பங்கும், ஸ்டான்ஃபர்டும் கால் பெர்க்லியும் முதல் ஏழு ஆண்டு 30 சதவீதம் மட்டும் வாங்குவதால் மிஞ்சும் பங்கும் எங்கே போகின்றன என்பது. பழைய உறுப்பினர்களுக்கும், ஜெயிக்கும் அணிகளின் ஊக்கத்தொகைக்கும். புளோரிடா ஸ்டேட், கிளெம்சன், நார்த் கரோலைனா மூவரும் இந்தச் சேர்க்கைக்கு எதிராக வாக்களித்தவர்கள். அந்தப் பணம் அவர்களுக்கும்தான் போகிறது.

நீச்சல்அம்மா எழுதியது:

எல்லாரும் ஃபுட்பாலைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகள் இந்தக் கான்ஃபரன்ஸ்களில் ஒன்றில் நீச்சல் அணியில் இருக்கிறாள், பெயர் வேண்டாம். டிவி பணம் எந்த அணியால் வந்தாலும் அது போய்ச் சேரும் இடங்களில் அவளுடைய நீச்சல் குளமும் ஒன்று.

கான்ஃபரன்ஸ் கடற்கரைக்குக் கடற்கரை விரிந்த பிறகு அவள் பயணம் மாறிவிட்டது. வியாழன் பகல் விமானம், ஞாயிறு இரவு திரும்புதல், மூன்று மணி நேர நேர வித்தியாசம். கெமிஸ்ட்ரி லேபைத் தவறவிட்டால் திங்கள் காலை ஏழு மணிக்குத் தனியாகப் போய்ச் செய்ய வேண்டும். ஈரத் துண்டு காய்வதற்குள் பையை மறுபடி கட்டுகிறாள். ஃபுட்பால் பையன்கள் ஆண்டில் நான்கைந்து முறைதான் வெளியூர் போகிறார்கள். வாலிபால், சாஃப்ட்பால் பிள்ளைகள் எத்தனை முறை போகிறார்கள் என்று யாராவது கணக்குப் பார்த்தீர்களா?

இப்போது, ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசமும் வந்துவிட்டது. 2025 ஜூலை 1 முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை. பல இடங்களில் அதில் முக்கால் பங்கு ஃபுட்பாலுக்கு, 15 சதவீதம் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கு, 5 சதவீதம் பெண்கள் பாஸ்கெட்பாலுக்கு, மீதி எல்லாருக்கும் சேர்த்து 5 என்று பேசிக்கொள்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன், அவர்கள் உழைப்பில்தான் எல்லாம் ஓடுகிறது. ஆனால் 60 சதவீதக் கணக்கில் பத்து மில்லியன் குறையும் பல்கலைக்கழகம் 20.5 மில்லியனையும் கட்டிவிட்டு எதை வெட்டும்? புல்மன் சகோதரர் பதிலை ஏற்கெனவே எழுதிவிட்டார்.

சார்லட்வாசி எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் கருத்து இன்னும் உறுதிப்படுகிறது.

கணக்கர் சார், சமபங்கு கான்ஃபரன்ஸைக் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. சமபங்கு ஆட்டத்தைக் காப்பாற்றும் என்கிறேன். எஸ்இசியைப் பாருங்கள். அலபாமாவுக்கு என்ன பங்கோ வாண்டர்பில்ட்டுக்கும் அதே பங்கு. 2024 அக்டோபர் 5 அன்று வாண்டர்பில்ட், நாட்டின் முதல் இடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வென்றது. மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, நாஷ்வில் தெருக்கள் வழியாகச் சுமந்து போய் கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டார்கள். நாடு முழுக்க அன்று பேசியது அந்த ஆட்டத்தைத்தான். பல பத்தாண்டுகளாகத் தோற்ற அணியை அதே பங்கில் வைத்திருந்ததால் அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. இந்தியானாவும் அப்படித்தான். அதிகத் தோல்வி கண்ட அணி என்று பெயர் வாங்கிய இந்தியானா, பிக் டென்னில் மிஷிகனுக்குச் சமமான பங்கோடு இருந்து, 2024இல் பிளேஆஃபுக்குப் போனது.

தம்பி, உங்கள் அணி 2024இல் 2-10. அந்த ஆண்டும் 5 ஆண்டுச் சராசரிக்குள் வருகிறது. பார்வையாளர் கணக்கு வெற்றியைக் கேட்பதே இல்லை. உங்கள் அணியைத் தோற்கடித்த சிறிய அணி ஆண்டு முடிவில் உங்களைவிடக் குறைவாக வாங்குவது எப்படி நியாயம்?

டல்லஹாசித்தம்பி எழுதியது:

அண்ணா, 2-10ஐ ஞாபகப்படுத்தணுமா. வலிக்குது. ஆனா அந்த 2-10 சீசன்லயும் டிவியில ஜனங்க பாத்தாங்க. விளம்பரக் கம்பெனி காசு கொடுத்தது அந்தக் கண்களுக்குத்தான்.

எஸ்இசில சமபங்கு வேலை செய்யுதுன்னா அங்க ஆறேழு அலபாமா இருக்கு. ஜார்ஜியா, எல்எஸ்யூ, டென்னசி, இப்ப டெக்சஸ். பாரத்தைப் பல பேர் தூக்கறாங்க. இங்க தூக்கறது மூணு நாலு பேர். அந்த நாலு பேரும் போயிட்டா மிச்சம் இருக்கறவங்களுக்கு சமபங்கு வந்து என்ன பிரயோஜனம்? புல்மன் அண்ணன் சொன்ன கதைதான் இங்கயும் நடக்கும்.

கணக்கர் எழுதியது:

அங்கேதான் விஷயம் இருக்கிறது. மார்ச் சமரசத்தில் பங்கீட்டைவிட வெளியேறும் கட்டணத்தைத்தான் நான் முதலில் படித்தேன். 2025-26இல் 165 மில்லியன் டாலர். ஆண்டுக்கு 18 மில்லியன் குறைந்து 2030-31இல் 75 மில்லியன். கட்டிவிட்டால் டிவி உரிமையும் கூடவே போகலாம். பிக் டென்னின் இப்போதைய ஒப்பந்தம் முடிவது அதே 2030 வாக்கில்தான், பிக் 12 அதற்கு அடுத்த ஆண்டு. கதவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ஆகவே 60-40 என்பது ஐந்து ஆண்டுக்கான ஏற்பாடு. அந்த ஐந்து ஆண்டை எப்படி நியாயமாக ஓட்டுவது என்று பேசினால் பயனுண்டு.

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் உள்நாட்டு டிவி பணத்தில் பாதி சமம், கால் பங்கு தரவரிசைக்கு, கால் பங்கு எத்தனை ஆட்டம் நேரலையில் வந்தது என்பதற்கு. கேட்க ஏசிசி மாதிரி இருக்கும். ஆனால் அங்கே ஒரு பாதுகாப்பு உண்டு: எந்த அணிக்கும் குறைந்தது 10 நேரலை ஆட்டங்களுக்கான பணம் உறுதி. டிவிக்காரர்கள் ஒரு சிறிய அணியை மொத்தமாக ஒதுக்கினாலும் அந்தக் கணக்கில் பூஜ்யம் விழாது. ஏசிசியில் 60 சதவீதம் இருக்கட்டும் என்றால், ஒவ்வொரு அணிக்கும் சீசனில் இத்தனை ஆட்டம் ஏபிசியிலோ ஈஎஸ்பிஎன் பிரதான சேனலிலோ வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வராவிட்டால் அந்த ஆட்டத்துக்குச் சராசரி எண்ணிக்கையை எழுதிக்கொள்ளலாம்.

சார்லட்வாசி எழுதியது:

இதை நான் ஏற்கிறேன், கூட ஒன்றும் கேட்கிறேன். நாட்ர டேம் ஆட்டங்களை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் ஆட்டத்தில் இரு அணிக்கும் ஒரே எண்ணிக்கை பதிவாகட்டும், அதில் பிரச்சினை இல்லை. வெளியாள் கொண்டுவரும் கூட்டத்தை யாரும் தன் கணக்கில் எழுதக் கூடாது.

டல்லஹாசித்தம்பி எழுதியது:

நாட்ர டேம் ஆட்டத்தை எடுத்தா எனக்கு ஆட்சேபம் இல்ல. குறைந்தபட்ச ஆட்டம் உறுதிங்கறதும் சரி, பாஸ்டன் காலேஜ் ஒரு சனிக்கிழமை ராத்திரி வரட்டும். 60ஐ மட்டும் 50 ஆக்கச் சொன்னா ஒத்துக்க மாட்டேன். அது கோர்ட்டுக்குப் போய் வாங்கினது.

புல்மன்குளிர் எழுதியது:

எந்தச் சூத்திரமாக இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் வெளியேறும் ஒவ்வொரு அணியும் பின்னால் நிற்பவர்களுக்கு என்ன வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதையும் எழுதுங்கள். யுசிஎல்ஏ பிக் டென்னுக்குப் போனதற்காக கால் பெர்க்லிக்கு ஆண்டுக்கு 10 மில்லியன் டாலர் கொடுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவினர் (ரீஜன்ட்கள்) உத்தரவிட்டார்கள். இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்ததால் அது முடிந்தது. எங்களுக்காக உத்தரவு போட யாரும் இல்லை. 75 மில்லியன் கட்டிவிட்டு நாலு பேர் போகும் நாளில், அந்தப் பணம் சிரக்யூஸுக்கும் வேக் ஃபாரஸ்டுக்கும் எத்தனை வருடம் ஓடும் என்று இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள்.